செகிஞ்சானில் இல்லாத பையன்

போன மாதம் ரவாங்கில் ஒரு பேரங்காடியின் மேல்தளத்தில் என் காரை எங்கே நிறுத்தினேன் என்று தேடிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் கெட்டிப் பிளாஸ்டிக் உரசும் சத்தம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழும் சீறலை நீட்டி இழுத்ததுபோல் இருக்கும். மூலையில் நான்கைந்து இளைஞர்கள் கையில் ரிமோட்டுகளோடு நின்றார்கள். முழங்கை நீளக் கார்கள் பக்கவாட்டில் சறுக்கி, ஒன்றன் வாலை ஒன்று தொடுவதுபோல் வளைந்து போயின. நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்த ஒருவன் ரிமோட்டை நீட்டினான்.

"ஆண்டி, டிரை பண்றீங்களா? ஈஸிதான் லா. உள்ள ஜைரோ இருக்கு, அதுவே பேலன்ஸ் பண்ணிக்கும்."

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன். காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் என் இடது ஆள்காட்டி விரல் தானாக மடங்கி மடங்கி நீள்வதைக் கவனித்தேன். ரிமோட்டின் விசையை அழுத்தும் விரல் அது.

நாற்பதை எட்டப்போகிற, தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து சேர்ந்த என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால், உங்களிடம்தான் பேசுகிறேன். வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒரு பள்ளி விடுமுறை உங்களுக்கும் இருந்திருக்கும். எனக்கு அது பதின்மூன்று வயதில், தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகுமுன் படிக்கும் புகுமுக வகுப்பு முடிந்த வருடக் கடைசியில் வந்தது.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். தொழிலாளர் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். அந்த மழைக்காலத்தில் மூன்றில்தான் ஆள் இருந்தது. ஒன்று எங்கள் வீடு, ஒன்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீடு. மூன்றாவது வீட்டுக் கிழவனும் கிழவியும் பாதி நாள் மகள் வீட்டில் இருப்பார்கள். தோட்டத்தை வீடு கட்ட விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் மற்றவர்கள் ஒவ்வொரு குடும்பமாக லோரி பிடித்துக் கிளம்பினார்கள். கடைசியாகப் போனது என் வகுப்புத் தோழியின் குடும்பம். லோரியின் பின்னால் மெத்தையின்மேல் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டே போனாள். போன் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். அப்பா டிராக்டரில் பழக்குலை ஏற்றினார். பகல் முழுக்க எனக்கு ஓட்டில் விழும் மழைதான் பேச்சுத்துணை.

அண்ணன் அந்த வருட நடுவிலேயே போய்விட்டிருந்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். போவதற்குமுன் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். முதல் நாலு மாதச் சம்பளத்தில் சேர்த்து பக்கவாட்டில் சறுக்கி ஓடும் ஒரு ரிமோட் டிரிஃப்ட் கார் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் கூட்டாளிகளும் சந்தைக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்தில் அதை ஓட்டுவார்கள். இரண்டு முறை என்னையும் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். "கவுண்டர் அடிடா மச்சான், கவுண்டர்!" என்று அவர்கள் கத்துவது எனக்குப் பாட்டுப்போல் மனப்பாடம்.

ஒரு நாள் அப்பாவுக்கு விலை தெரிந்துபோனது.

"சம்பாரிக்குற ஆம்பள பொம்மக் காரு வாங்கி வெளாட்றியா?"

"பொம்ம இல்லப்பா. இது ஹாபி. எத்தன பேரு வச்சிருக்காங்க தெரியுமா?"

அப்பா காரைக் காலால் உதைத்தார். அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அண்ணன் அதை எடுக்கப் போனபோது கன்னத்தில் அறை விழுந்தது. மறுநாள் காலையில் ஒரு பையோடு ஜொகூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அப்பா அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நா வேல முடிஞ்சு வர்றப்ப அது இந்த வூட்டுல இருக்கக் கூடாது."

அன்று மாலை, காரைப் பழைய சாமான் எடுக்கும் லோரிக்காரனிடம் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டுச் சோறு சாப்பிட்டார்.

விடுமுறையின் முதல் வாரத்தில் கூரை ஒழுகியது. அம்மாவின் தகரப்பெட்டிக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்ததால் பெட்டியை இழுத்து நகர்த்தினேன். உள்ளே ஏதோ உருண்டது. திறந்து பார்த்தால், சேலைகளுக்கு அடியில் ஒரு கைலியில் சுற்றி, அண்ணனின் கார். ரிமோட், சார்ஜர், பேட்டரி, சிறு திருகாணிகள் போட்ட பால் டின், ஜப்பானிய மொழியில் இருந்த படப் புத்தகம் எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா எதிரில் வந்தாலே குரல் இறங்கிவிடும் அம்மா, அவரிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

எடுக்கக் கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன்.

இடது பக்க முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்திருந்தது. ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி முறிவை உருக்கி ஒட்டினேன். சுற்றிலும் செம்புக் கம்பியை இறுக்கிக் கட்டினேன். முதல் தடவை கோணலாக ஒட்டிக்கொண்டது. உடைத்து மறுபடியும் ஒட்டினேன். படப் புத்தகத்தில் எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் எந்தத் திருகு எங்கே என்று அம்புக்குறி போட்டிருந்தது. என் பள்ளிப் புத்தகம் எதையும் அத்தனை கவனமாக நான் படித்ததில்லை.

அண்ணன் சறுக்க வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள் நான்கில் இரண்டு பிளந்து போயிருந்தன. பெட்டியிலிருந்த சாதாரண ரப்பர் சக்கரங்களை மாட்டினால் கார் தரையைக் கவ்விப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்ந்தது. தோழியின் காலி வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் குழாய் அந்த ரப்பரின் அளவுக்குச் சற்றே சிறியதாக இருந்தது. அப்பாவின் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் நான்கு வளையங்கள் அறுத்தேன். வெள்ளைத் தூள் கையிலும் பாவாடையிலும் மாவு மாதிரி படிந்தது. வளையத்தைக் கொதிநீரில் போட்டு, இளகியதும் இடுக்கியால் எடுத்து, ரப்பரின் மேல் அழுத்தி ஏற்ற வேண்டும். ஆறினால் இறுகிக்கொள்ளும். வீடெல்லாம் சுட்ட பிளாஸ்டிக் வாடை. தோழி எத்தனையோ நாள் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குவளை கழுவிய தொட்டியின் குழாய் அது. அறுக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. ஓட்டும்போதுதான் வந்தது.

லயத்துக்கு மேற்கே தோட்ட மண்டபம் இருந்தது. கல்யாணங்களும் பூப்பந்தாட்டமும் நடந்த இடம். வழவழப்பான சிமெண்டுத் தரை. கதவை உள்பக்கம் கயிற்றால் கட்டிவிட்டு, தரையைப் பெருக்கி, என் செருப்புகளையும் இரண்டு பெயிண்ட் டின்களையும் திருப்பங்களாக வைத்தேன். மேலே குருவிகள் பதறிப் பறந்து பிறகு அடங்கின.

பேட்டரி சார்ஜ் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். ஓடுவது பன்னிரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அதற்கான காத்திருப்பு.

முதல் வாரம் கார் சுற்றிச் சுற்றி வட்டமடித்தது. பின்பக்கம் நிற்கவே இல்லை. பின் வளையங்களை மணல்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கியதும் கொஞ்சம் கட்டுப்பட்டது. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் சிறு கம்பிகளை அரைத் திருகு, கால் திருகு என்று மாற்றி, மாற்றியதையெல்லாம் நோட்டில் படம் வரைந்து வைத்தேன். கார் இடதுபுறம் வளையும்போது வால் வலதுபுறம் வீசும். அந்த நொடியில் கை பதறி இன்னும் இடதுபுறம் திருப்பக் கூடாது. வால் வீசும் பக்கமே திருப்ப வேண்டும். அண்ணனின் கூட்டாளிகள் கத்திய 'கவுண்டர்' அதுதான். மனது ஒரு பக்கம் இழுக்க விரல் எதிர்ப்பக்கம் போகப் பழக எனக்குப் பத்து நாள் ஆனது.

பதினோராம் நாள் கார் இரண்டு டின்களுக்கு நடுவே எட்டுப் போட்டது. நிற்காமல், கவிழாமல், சீறிக்கொண்டே ஒரு முழு எட்டு. நான் குதித்தேன். திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில் யாரும் இல்லை.

அப்படி ஒரு காரியத்தைச் செய்தால் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதனால் நானே சொன்னேன். அண்ணனின் கூட்டாளி ஒருவனுடைய தடித்த குரலில், "சூப்பர் மச்சான்! இன்னொரு தடவ போடு" என்றேன். என் சொந்தக் குரலில், "இருடா, பேட்டரி போயிரும்" என்று பதில் சொன்னேன். இரண்டு குரலிலும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கூட்டாளி கேலி செய்வான், நான் திட்டுவேன், அவன் தோற்றுப்போய் என்னைப் பாராட்டுவான்.

காரின் மேல்கூடு கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனது. சாயத்தை உள்பக்கம் பூசினால் வெளியே மினுங்கும். அப்பா உதைத்த இடத்தில் நீலம் உரிந்திருந்தது. தீபாவளிக்கு உறையில் போட்டுத் தந்த அங்பாவ் காசில் டவுன் கடையில் கருநீல நகப்பூச்சு ஒன்று வாங்கி வந்து உள்பக்கம் பூசினேன். அப்பாவின் காலடி பட்ட இடம் எது என்று தெரியாமல் மறைந்தது.

ஒரு நாள் பகல் கதவை யாரோ தட்டினார்கள். காரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் புகுந்துகொண்டேன். செருப்புச் சத்தம் மண்டபத்தைச் சுற்றி வந்தது. பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது. காரைக் கைலியில் சுற்றி மேடைக்கு அடியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்று மாலை மண்டோரின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் சுவரோரம் நின்றாள்.

"மண்டபத்துல யாரு?" என்று அப்பா கேட்டார்.

"யாரும் இல்லப்பா."

மண்டோர் குறுக்கிட்டார். "பொய் சொல்லாதம்மா. மூனு நாளா போற வர்றப்பல்லாம் கேக்குறேன். ஆம்பளக் கொரலு. நீயும் சிரிக்கிற, அவனும் சிரிக்கிறான். கதவு உள்ளாற கட்டிக் கெடக்கு. நானும் பொண்ணு பெத்தவன், சொல்லாம இருக்க முடியல."

அம்மா உள்ளே போய் நகப்பூச்சுப் புட்டியை எடுத்து வந்தாள். பாதி காலியாகியிருந்தது.

"ஒன் கையில பூசல. கால்லயும் பூசல. யாரு வாங்கிக் குடுத்தா? பாவாடையெல்லாம் பவுடரு. நா ஒன்னும் பாக்குறதில்லன்னு நெனச்சியா?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். கார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பாவின் கண் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பும். லோரிக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றாயே என்று கேட்பார். அண்ணனின் கன்னத்தில் விழுந்த அறையின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருந்தது. தன்னைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. "வாயத் தொறடி" என்று முதுகில் அறைந்தாள்.

"எந்த ஊர்க்காரன்?" அப்பா கேட்டார்.

சமையலறை மூலையில் அரிசி மூட்டை தெரிந்தது. அதில் ஓர் ஊரின் பெயர் அச்சடித்திருந்தது.

"செகிஞ்சான்" என்றேன்.

அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அப்பா மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செகிஞ்சானுக்குப் போனார். சீனர்கள் நெல் விளைவிக்கும் ஊரில், மீன்பிடித்துறையிலும் அரிசி ஆலையிலும் காப்பிக் கடைகளிலும் ஒரு தமிழ்ப் பையனைத் தேடினார். இரண்டாவது ஞாயிறு நடுங்கிக்கொண்டு வந்தார். அம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்தாள்.

"நம்ம ஆளுங்க நாலு குடும்பந்தான் இருக்கு. யாரு வூட்டுலயும் அந்த வயசுல பையன் இல்ல. ஒளிச்சு வச்சிருக்காங்க போல."

"கண்டுபிடிச்சு என்னா பண்ணப் போறீங்க? அடிதடிதானே?"

"அடிக்கவா போனேன்? அவங்கப்பனப் பாத்து, சின்னப் பிள்ளைங்க, படிக்கட்டும், கொஞ்சம் சொல்லி வையிங்கன்னு கும்பிட்டுக் கேக்கத்தான் போனேன்."

அறைக்குள் படுத்துக்கொண்டு இதைக் கேட்டேன். அப்பா யாரையாவது கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். எழுந்து உட்கார்ந்தேன்கூட. ஆனால் அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "இவள ஒங்க தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிருவோம். அங்கயே படிக்கட்டும்."

பள்ளி திறக்குமுன் சுங்கை சோவில் அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். மண்டபத்துப் பக்கம் போகக்கூட விடவில்லை. அத்தை பள்ளி வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவாள். திரும்பும்போதும் வாசலில் நிற்பாள். என்னைப் பற்றி அத்தை பிள்ளைகளிடம் என்ன சொல்லி வைத்திருந்தார்களோ, நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். வகுப்பில் ஒரு பெண் என்னோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். அத்தை அவளிடம் அண்ணன் தம்பி உண்டா என்று விசாரித்த பிறகு அவள் வேறு வழியில் போனாள். ஐந்து வருடம் அப்படிக் கழிந்தது. அந்த வீட்டில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. சோறும் துணியும் குறையவில்லை. ஒருவர்கூட என்னிடம் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வருடச் சீனப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தபோது மண்டபத்தின் கூரையைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். மேடையும் இல்லை. வழவழப்பான தரையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கார் யார் கைக்குப் போனது என்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது.

அண்ணன் ஜொகூரிலேயே கல்யாணம் செய்துகொண்டான். அப்பாவோடு சமாதானமாகி, தீபாவளிக்கு வந்து போவான். ஒரு தடவை போனில் பேசும்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவனுடைய பழைய காரைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தக் காரு?" என்றான். "மொதல்ல ஓட்டுன அந்த மைவியா?"

"இல்ல, ரிமோட் காரு."

"ஆமா லா! மறந்தே போச்சு. அப்பா ஒதச்சாரே, அதுவா? சரியான பைத்தியம் நானு அப்ப" என்று சிரித்தான். பிறகு அவன் மகளின் பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அப்பா போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். பேரங்காடியில் அந்த இளைஞர்களைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சமையலறையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். நான் வழக்கத்தைவிட அமைதியாக இருந்திருப்பேன் போல. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே பையன் அவன்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தகரப்பெட்டி, குழாய் வளையம், நகப்பூச்சு, இரண்டு குரல், அரிசி மூட்டை. அம்மா ஒரு நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த மண்டபத்துல ஒங்கூட யாருமே இல்லயா?"

"இல்லம்மா."

"சிரிச்சதெல்லாம்?"

"நான்தான்."

"நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்த பிள்ளைய யாருகிட்டயோ இருந்து பிரிச்சிட்டோமேன்னுதான் இத்தன வருசமும் மனசு அடிச்சுக்கும். தனியாவா இருந்த? முன்னயே தெரிஞ்சிருந்தா நா வேலைய விட்டுட்டு வூட்டுல இருந்திருப்பேன்."

வேலையை விட்டிருந்தால் வயிற்றுக்கு என்ன செய்திருப்போம் என்று இருவருக்கும் தெரியும். நான் அடுத்த நெத்திலியை எடுத்தேன். ஏதோ கணக்குப் பிடிபடாததுபோல் அம்மா நிமிர்ந்தாள்.

"பொட்டியிலேருந்து எடுத்தது நீயா?"

"ஆமாம்மா. அப்பவே சொல்லியிருந்தா அப்பா ஒன்ன…"

"ஒங்கப்பான்னு நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அம்மா நெத்திலியைத் தட்டில் வைத்தாள்.

"நீ சுங்கை சோ போனப்புறம் பொட்டியத் தொறந்தேன். காரு இல்ல. அவருதான் கண்டுபிடிச்சுத் தூக்கிப் போட்டுட்டு, எங்கிட்ட ஒன்னும் தெரியாத மாதிரி இருக்காருன்னு நெனச்சேன். கேக்கல. எப்படிக் கேக்குறது? மகனையும் வெரட்டி, அவன் பொருளயும் போட்டுட்டாரேன்னு ஆத்திரம். சோறு போட்டேன், துணி தொவச்சேன். சாவுற வரைக்கும் மொகம் குடுத்துப் பேசல."

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா தொலைக்காட்சிக்கு எதிரே தனியாகத் தட்டை வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் அவர் மானத்தை வாங்கிவிட்டதால்தான் வீடு அப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"அவரு கேக்கவே இல்லயாம்மா, ஏன் பேசலன்னு?"

"ஒரே ஒரு தடவ. 'எம்மேல என்னா கோவம்'னாரு. ஒன்னுமில்லன்னு சொல்லிட்டேன்."

அம்மா எழுந்து கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே சுவரில் அப்பாவின் படம் இருக்கிறது. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், தணிந்து, இடையில் யாரோ பதில் சொல்ல விடுவதுபோல் நின்று நின்று வந்தது. என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கேட்கவும் மனம் வரவில்லை. நான் மீதி நெத்திலிக்குத் தலை கிள்ளினேன். எல்லாம் முடிந்து தட்டைக் கழுவி வைத்த பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.